காவிரியும் கொள்ளிடமும்: ஒரு நீர்ப்பங்கீட்டின் சரித்திரம்

காவிரியைப் பற்றி எழுதப்புகுவோர் தலைக்காவிரியில் தொடங்கிப் பூம்புகாரில் முடிப்பது நெடுங்கால வழக்கம். இக்கட்டுரை அவ்வழியைப் பின்பற்றாது, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பிலிருந்து கிழக்கே கல்லணை வரையில், சுமார் முப்பது கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுகிற ஒரு சிறு பிரதேசத்தையே நடுவாகக் கொண்டு, அங்கே இரண்டாகப் பிரியும் ஆற்றின் நீரை மனிதர் எவ்வெவ்வாறு பங்கிட்டு வந்தனர் என்பதை ஆராய முற்படுகிறது. தஞ்சைச் சமவெளியின் பாசனச் சரித்திரத்தில் காணப்படும் பெருங்காரியங்களில் மிகப்பல, காவிரியின் நீர் கொள்ளிடத்தில் விழுந்து வீணே கடலை அடைந்துவிடாமல் தடுப்பதையும், அதே வேளையில் மிகுவெள்ளம் வரும்போது அதனைக் கொள்ளிடத்தின் வழியே கழித்துவிடுவதையும் நோக்கமாகக் கொண்டவை என்பதே நம்முடைய துணிபு.

முதலில் ஆற்றின் பூகோள அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். குடகு நாட்டுப் பிரமகிரி மலைத்தொடரில் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,340 மீட்டர் உயரத்தில் தோன்றும் காவிரி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. அதன் வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் உடையது. மைசூர்ப் பீடபூமியில் ஹேமாவதி, ஹாரங்கி, லட்சுமணதீர்த்தம், கபினி, சிம்சா, அர்க்காவதி முதலிய உபநதிகளும், தமிழ்நாட்டில் பவானி, நொய்யல், அமராவதி என்பவையும் அதனோடு சேருகின்றன. பீடபூமியிலிருந்து இறங்கும் வழியில் சிவசமுத்திரத்து அருவியினின்று 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள் என்பதும், ஒகேனக்கல்லைக் கடந்தபின் மேட்டூரில் ஆறு தேக்கப்படுகிறது என்பதும் பலரும் அறிந்தவை. நம்முடைய பொருளுக்கு இன்றியமையாதது வேறொரு செய்தி. மேல்காவிரிக்கு நீர் தருவது ஆனி, ஆடி, ஆவணியில் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. தஞ்சைத் தரணியில் பெய்வதோ ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. ஆகவே கோடையின் வெம்மை தணியாத ஆனி மாதத்தில், உள்ளூரில் ஒரு துளி மழையும் இல்லாத நிலையில், நானூறு கல்லுக்கு அப்பாலுள்ள மலையின் மழை ஆற்றின் வழியே வந்து வயலை நனைக்கிறது. இந்த நீரைக் கொண்டுதான் குறுவைக்கும், சற்றுப் பின்னர் சம்பாவுக்கும் நாற்றுவிட்டு நடவு செய்ய முடிந்தது. அந்நீர் வழியில் எங்கேனும் கைநழுவிப்போனால், பின்னர் வரும் மழை அந்த இழப்பை முழுவதும் ஈடுசெய்வதில்லை.

கைநழுவும் இடம்தான் முக்கொம்பு. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம் என்றும், தென்கிளை காவிரி என்றும் பெயர் பெறுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஸ்ரீரங்கத் தீவு கிடக்கிறது. தீவின் கீழ்க்கோடியில் இரு கிளைகளும் மறுபடி நெருங்கி வர, உள்ளாறு என்னும் ஒரு சிறு வழியினூடே காவிரியின் நீர் கொள்ளிடத்துள் இறங்கிவிடப் பார்க்கிறது. இதற்குக் காரணம் எளிது. கொள்ளிடம் ஏறக்குறைய நேராகவும் குறுகிய தூரத்திலும் கடலை அடைவதால் அதன் வாட்டம் மிகுதி; அதன் படுகையும் காவிரியின் படுகையைக் காட்டிலும் தாழ்ந்தது. காவிரியோ பற்பல கிளைகளாகப் பிரிந்து, வேகம் குறைந்து, தான் சுமந்துவந்த வண்டலையும் மணலையும் தன் படுகையிலேயே இறக்கிவைத்து, ஆண்டுதோறும் தன்னைத்தானே உயர்த்திக்கொள்கிறது. உயர்ந்த கிளையில் நீர் நிற்க வேண்டுமானால் தாழ்ந்த கிளையின் வாயை ஓரளவு அடைத்தாக வேண்டும்; மேட்டு வயலுக்குப் பாய்ச்சுகிறவன் பள்ளத்து மடையை முதலில் அடைப்பதைப் போன்றதே இது. ஆனால் முற்றும் அடைத்துவிடவும் கூடாது. அடைத்தால் பெருவெள்ளத்தில் காவிரியின் கரைகள் உடைந்து நாடே நீரில் மூழ்கும். இந்த இரட்டை நிர்ப்பந்தமே இவ்விடத்துப் பொறியியலின் உயிர்நிலை.

இதனை முதன்முதல் உணர்ந்து செயலாற்றியவர்கள் கட்டியது கல்லணை. அதனைக் கரிகாற் சோழன் கட்டினான் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் ஐதிகம். இதற்குரிய சான்றுகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையும் பொருநராற்றுப்படையும் காவிரியின் வளத்தை விரித்துரைக்கின்றனவேயன்றி, இவ்வணையைக் கட்டிய செய்தியைச் சொல்லவில்லை. அவன் காவிரிக்குக் கரை அமைத்தான் என்னும் கூற்று, தெலுங்குச் சோழர் குலத்துப் புண்ணியகுமாரனின் மாலேபாட்டுச் செப்பேட்டிலும், பின்னர் முதலாம் இராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் காணப்படுகிறது. சிங்கள நூலாகிய இராஜாவலியமும் ஈழத்திலிருந்து பன்னீராயிரம் பேர் சிறைபிடிக்கப்பட்டுக் காவிரி வேலைக்குக் கொண்டுபோகப்பட்டதாகவும், அவர்களைக் கஜபாகு மீட்டதாகவும் கூறுகிறது. ஆயினும் அது மிகப் பிற்காலத்து நூல். இவற்றை ஒருசேர நோக்குமிடத்து, கரையமைத்த கீர்த்தி கரிகாலனுக்கு மிகப் பழங்காலத்திலேயே உரியதாகக் கருதப்பட்டது என்பது உறுதி. இன்று கல்லணை என்று நாம் சுட்டும் அதே கற்கட்டடம் அவன் கையால் எழுந்தது என்பது ஐதிகத்தின் வலிமையில் நிற்கிறது. இப்படிச் சொல்வதால் கரிகாலனின் பெருமைக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடாது என்பது என் அபிப்பிராயம்.

கட்டியவர் யாராயினும், கட்டிய விதம் வியக்கத்தக்கது. 1853ஆம் ஆண்டில் தென்னிந்தியப் பாசன வேலைகளைப் பார்வையிட்ட ஆங்கிலப் பொறியாளர் பேர்ட் ஸ்மித் வருணித்துள்ளபடி, பழைய கல்லணை 1,080 அடி நீளமும், நாற்பது முதல் அறுபது அடி அகலமும், பதினைந்து முதல் பதினெட்டு அடி ஆழமும் உடையதாய்ப் பாம்பு வளைவதுபோல வளைந்து கிடந்தது. உள்ளே களிமண்ணில் பதித்த கரடுமுரடான கற்கள். மேலே சுண்ணச்சாந்துப் பூச்சு. ஆழங்காண முடியாத மணற்படுகையில் பாறைகளை இட்டு, அவை மணலுள் அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கி, இனி அமிழாது என்னும் நிலை வந்தபின் அதையே அஸ்திவாரமாகக் கொண்டார்கள். சிறு நீர் வரும்போது அது உள்ளாற்றில் இறங்காதபடி இந்த அணை தடுத்துக் காவிரியிலும் அதன் கிளையாகிய வெண்ணாற்றிலும் செலுத்தும். பெருவெள்ளம் வரும்போது மிகைநீர் அணையின் தலைக்கு மேலே வழிந்து கொள்ளிடத்துக்குப் போய்விடும். கதவோ மதகோ இல்லாமல், காவலாளி ஒருவனும் இல்லாமல், கல்லின் உயரம் ஒன்றைக் கொண்டே பங்கீடு நடந்தது.

கல்லணையின் கீழ்ப்புறத்தில் கிளைத்த ஆறுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாலே சோழர் ஆட்சியின் விரிவு புலப்படும். அரிசிலாறு சங்க காலத்திலேயே பெயர்பெற்றது. வீரசோழன், முடிகொண்டான் முதலியவை அரசர்களின் விருதுப் பெயர்களைத் தாங்கி நிற்பவை. கல்லணைக்கு மேலே காவிரியினின்று பிரிந்து திருச்சிராப்பள்ளியை ஒட்டி ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கொள்ளிடத்தில் தப்பிப்போன நீரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை: முதற் பராந்தகனின் பெயரால் வீரநாராயணன் ஏரி என வழங்கி இன்று வீராணம் எனப்படும் பேரேரி, வடவாற்றின் வாயிலாகக் கொள்ளிட நீரையே ஏற்கிறது. இந்த ஆறுகளில் பல, பாசனக் கால்வாயாகவும் வடிகாலாகவும் ஒருங்கே பயன்படுபவை. மேல்மடையில் ஒருவன் வடித்த நீர் கீழ்மடையில் இன்னொருவனுக்குப் பாசனமாயிற்று.

இவ்வளவு நுட்பமான அமைப்பு, உடைப்பவனுக்கும் அவ்வளவே எளிதில் இடங்கொடுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் போர்க்காலத்தில் இது வெளிப்பட்டது. திருச்சிராப்பள்ளியைப் பற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் போரிட்டுக்கொண்டிருந்தபோது, தஞ்சை மன்னர் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்ததற்குத் தண்டனையாகப் பிரெஞ்சுப் படையினர் 1754ஆம் ஆண்டில் கோவிலடிக்கு அருகே கரையை உடைத்துக் காவிரி நீரைக் கொள்ளிடத்துள் புரளவிட்டனர். துப்பாக்கி ஒன்றும் வெடியாமலே ஒரு ராஜ்யத்தின் விளைச்சலை அழிக்கும் உபாயம் அது. போர் ஓய்ந்தபின் வேறொரு வழக்கு எழுந்தது. அணை இருக்கும் நிலம் ஆற்காட்டு நவாபின் திருச்சிராப்பள்ளிச் சீமைக்கு உட்பட்டது; அதன் பயனையோ முழுவதும் தஞ்சை அனுபவித்தது. ஆகவே அதைப் பழுதுபார்க்கும் உரிமை யாருடையது என்று நவாப் முகம்மது அலிக்கும் தஞ்சை மன்னர் துளஜாஜிக்கும் 1760களில் பிணக்கு மூண்டது. இடம் நவாபினுடையதாயினும் வழக்கப்படி பழுதுபார்க்கும் உரிமை தஞ்சைக்கு உண்டு என்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் மத்தியஸ்தம் செய்தனர். மேல்மடைக்காரனின் நிலவுரிமையையும் கீழ்மடைக்காரனின் அனுபோகத்தையும் வேறுபிரித்துப் பார்த்த அந்தத் தீர்ப்பைப் பிற்காலத்து நதிநீர் வழக்குகளின் பாட்டன் என்றே சொல்லலாம். நம் பாடநூல்களில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படாதது வியப்பே.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சையின் ஆட்சி சரபோஜி மன்னரிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அப்போது ஆற்றின் நிலை கவலைக்கிடமாய் இருந்தது. காவிரியின் தலைப்பு மணலால் தூர்ந்துகொண்டே வர, கொள்ளிடம் ஆண்டுக்கு ஆண்டு அகன்று ஆழ்ந்து வந்தது. இதை ஆராய 1804இல் நியமிக்கப்பட்ட கேப்டன் கால்டுவெல், நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்திலேயே போய்விடுகிறது என்று கண்டு, கல்லணையின் தலையை இரண்டடிக்குச் சற்று மேல் உயர்த்தச் செய்தார். இது நோய்க்கு முதல் மருந்தாயிற்றேயன்றி நோய் தீரவில்லை. அணை உயர்ந்ததும் அதன் முன்னே மணல் மேலும் குவிந்தது. பழைய அணையிலே மணலைத் தள்ளிவிடும் வாயில்கள் இல்லாமையே குறை எனக் கருதி, 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் அடியில் மணற்போக்கிகள் அமைக்கப்பட்டன.

இவ்வேலைகளின் போதுதான் ஆர்தர் காட்டன் காவிரியில் பயின்றார். 1803இல் பிறந்து 1821இல் இந்தியா வந்த இந்த ராணுவப் பொறியாளர், நோயின் மூலம் கல்லணையில் இல்லை, பிரிவு தொடங்கும் முக்கொம்பிலேயே இருக்கிறது என்று கண்டார். 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் அவர் கட்டி முடித்த மேலணை, சுமார் 685 மீட்டர் நீளமுடையதாயினும் உயரத்தில் மிகச் சிறியது. இரண்டு திட்டுகளால் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அடியில் மணற்போக்கிகள் உடையது. கொள்ளிடத்தின் வாயில் ஒரு சிறு தடை, அவ்வளவே. அதனால் காவிரிக்குள் நீர் திரும்பியது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அதனால் நீர் குறைந்து தென்னாற்காட்டுப் பாசனம் கெடும் என்பதை உணர்ந்து, அதே ஆண்டில் அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டது. வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் முதலிய வாய்க்கால்கள் கீழணையிலிருந்தே நீர் பெறுகின்றன.

இதன்பின் நிகழ்ந்தது நாம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது. காவிரியில் புகுந்த நீர் தன் தலைப்பைத் தானே அரித்து ஆழமாக்க, கொள்ளிடமோ மணல் மேடிட்டுத் தூரத் தொடங்கியது. முன்பிருந்த அபாயத்துக்கு நேர்மாறான அபாயம் தோன்றிற்று. கொள்ளிடம் தூர்ந்தால் பெருவெள்ளம் முழுவதும் காவிரியில் பாயும். காவிரியின் கரைகள் அதைத் தாங்கமாட்டா. ஆகவே 1840களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தியும், காவிரியின் தலைப்பில் படுகை மேலும் அரிபடாதவாறு குறுக்குச்சுவர் எழுப்பியும் சமனிலையை மீட்டனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தலைமதகுகள் கட்டப்பட்டபின், கல்லின் உயரத்தால் தானாக நடந்த பங்கீடு, கதவுகளை ஏற்றி இறக்கும் உத்தியோகஸ்தரின் கைக்கு வந்துவிட்டது. இந்த மாறுதலின் சமூக விளைவும் சிறிதன்று. உடைப்பு அடைக்கவும் வாய்க்கால் வெட்டவும் ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்து என்னும் வழக்கம், 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் சர்க்காரின் ஆணையாக உருமாறியது. வழக்கம் சட்டமான பிறகு அதில் பழைய உயிர் இருக்கவில்லை.

காட்டனுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். ஆழங்காண முடியாத மணலில் அஸ்திவாரம் இடும் வித்தையைக் கல்லணை கட்டிய பழைய தமிழரிடமிருந்தே தாம் கற்றதாக அவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தைக் கொண்டே 1847 முதல் 1852 வரை கோதாவரிக்குக் குறுக்கே தவளேசுவரத்தில் பேரணையைக் கட்டினார். கோதாவரிப் பிரதேசத்து மக்கள் இன்றும் அவருக்குச் சிலைவைத்துப் போற்றுகிறார்கள்; அந்தப் புகழில் பெயர் தெரியாத காவிரிக் கல்தச்சருக்கும் மண்வெட்டிக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு.

மேலணையும் கல்லணையும் வருகிற நீரைப் பங்கிடவே வல்லவை. வாராத நாளில் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவம் தாமதித்தால் குறுவை தாமதிக்கும். ஆடியில் ஒரேயடியாக வெள்ளம் வந்தால் அதில் பெரும்பகுதி கொள்ளிடத்தோடு கடலுக்குப் போகும். அந்த வெள்ளத்தை மேலேயே தேக்கிவைக்கும் யோசனை கர்னல் எல்லிஸின் திட்டமாக 1910இல் உருப்பெற்றது. அதற்குள் மைசூர் சமஸ்தானமும் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் கண்ணம்பாடியில் அணைகட்டத் தொடங்கிவிட்டது. சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே 1892ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஒட்டி எழுந்த தகராறுகள், 1924 பிப்ரவரி 18ஆம் தேதி இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஓய்ந்தன. மேட்டூர்த் திட்டத்தால் சென்னை அரசு புதிதாகப் பாசனத்துக்குக் கொண்டுவரும் நிலம் 3,01,000 ஏக்கரை மிகக்கூடாது என்பதும் அதன் ஷரத்துகளில் ஒன்று. 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை, 214 அடி உயரமும் 5,300 அடி நீளமும் உடையதாய், 93.47 டி.எம்.சி. கொள்ளளவோடு 1934 ஆகஸ்ட் 21இல் கவர்னர் ஸ்டான்லியால் திறந்துவைக்கப்பட்டது. அதன் அடியில் மூழ்கிய ஊர்களின் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும், நீர் மட்டம் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் வெளியே தலைகாட்டும்.

மேட்டூரின் பயனைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது; ஜூன் 12 என்னும் தேதி தஞ்சை விவசாயியின் பஞ்சாங்கத்தில் ஒரு பண்டிகைபோல் ஏறிவிட்டதும் அதனாலேயே. கல்லணையிலிருந்து புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டு, அதுவரை வானம் பார்த்த பூமியாக இருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்கள் நஞ்சையாயின. ஆனால் நம்முடைய விஷயத்துக்கு வேண்டிய இரண்டு விளைவுகள் அதிகம் பேசப்படுவதில்லை. அணை நீரைத் தேக்கியதோடு வண்டலையும் தேக்கியது. தஞ்சை வயல்களுக்கு ஆடிப் புதுநீரோடு வந்த செந்நிறச் சேறு குறைந்தது. மற்றொன்று, சிறு வெள்ளங்கள் மேட்டூரிலேயே நின்றுவிட்டபடியால் கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணல்வெளியாய்க் கிடக்கலாயிற்று. வெறும் மணல்வெளியைக் கண்டால் அதை அள்ளுவதற்கு மனிதனுக்குத் தயக்கம் இருப்பதில்லை. கட்டடங்களுக்காகக் கொள்ளிட மணல் லாரி லாரியாக அள்ளப்பட்டு, ஏற்கெனவே தாழ்ந்திருந்த படுகை மேலும் தாழ்ந்தது. கடலோரத்தில் உவர்நீர் ஆற்றின் உள்ளே ஏறுகிறது.

இதற்கிடையே கொள்ளிடத்துக்குப் புதிய பயன்களும் வந்து சேர்ந்தன. அதன் மணலின் அடியில் ஊறும் நீர் கிணறுகளின் மூலம் இறைக்கப்பட்டுப் பல ஊர்களுக்குக் குடிநீராகிறது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணத்தை நிரப்பும் நீர், 2004ஆம் ஆண்டு முதல் குழாய்களில் சென்னை நகரத்துக்குப் போகிறது. காவிரியிலிருந்து தவறிய நீரை வீணானதாகவே எண்ணிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர் எவரும் இப்படி ஒரு பயனை எதிர்பார்த்திருக்கமாட்டார்.

1924 உடன்படிக்கைக்குப் பிந்திய நீண்ட வழக்கைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5இல் அளித்த இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்று வகுத்தது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் அதை 404.25 டி.எம்.சி. ஆக்கிற்று. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீரைப் பற்றி நாட்டிலுள்ளோர் அனைவரும் வாதாடுகிறார்கள். அந்நீர் முக்கொம்பிலும் கல்லணையிலும் எவ்வாறு பிரிகிறது என்பதைக் கேட்போர் சிலரே. இந்த அலட்சியத்தின் விளைவைக் காண நெடுநாள் காத்திருக்கவேண்டியதாயில்லை. அதே 2018இல் பெருவெள்ளம் சென்றுகொண்டிருந்த ஆகஸ்ட் 22ஆம் நாள், முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கேயுள்ள மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச்செல்லப்பட்டன. அதன்பின் பழைய அணைக்கு அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

புதிய கதவணையின் உறுதியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் எந்த அணையும் தான் நிற்கும் படுகையை விட உறுதியாக இருக்க முடியாது என்பதை 1840களின் அனுபவம் காட்டியிருக்கிறது. அன்று படுகையின் மட்டத்தை அளந்து பார்த்ததால்தான் அபாயம் முன்கூட்டித் தெரிந்தது. ஆதலால், முக்கொம்பு முதல் கீழணை வரை காவிரி, கொள்ளிடம் இரண்டின் படுகை மட்டங்களையும் ஆண்டுதோறும் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் அளந்து, அவ்வளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும், அவை வெளியாகும் வரை கொள்ளிடத்தில் மணல் அள்ளப் புதிதாக அனுமதி அளிக்கலாகாது என்றும் நீர்வளத் துறையாரை வேண்டிக்கொள்கிறேன்.